பிளாட்பாரத்தில் வாங்கிய பைத்தான் புத்தகம்: தப்பு என் டைப்பிங்கிலா, புத்தகத்திலா?

கேள்வி: புதுநிரலர்

வணக்கம். திருவல்லிக்கேணி பாரதி சாலை பழைய புத்தகக் கடையில் 2 புத்தகம் வாங்கினேன். ஒன்று பைத்தான், ஒன்று சி. இரண்டுமே ஆசிரியர் இல்லாமல் தானே படிக்கிற மாதிரி எழுதிய ஆங்கிலப் புத்தகங்கள். நான் பி.காம், கம்ப்யூட்டர் பாடம் படித்ததில்லை. லேப்டாப்பில் விண்டோஸ் 10, ரேம் 4 ஜிபி. பைத்தான் 3 இன்ஸ்டால் செய்தாயிற்று.

பைத்தான் புத்தகத்தின் முதல் நிரலை அச்சு மாறாமல் அடித்தேன். பிரிண்ட் வரியிலேயே சின்டாக்ஸ் எரர் (எழுதும் முறையில் பிழை). சி புத்தகத்தில் உள்ளதும் ஓடவில்லை. தப்பு எங்கே? எந்தப் புத்தகத்தை எடுப்பது? ஒரு அத்தியாயத்தை எப்படிப் படித்தால் மண்டையில் நிற்கும்? (மொபைலில் தமிழ் கீபோர்டு, அதனால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.)

---

பதில் 1: கிண்டி லோக்கல்

ப்ரோ, தப்பு உங்க மேல இல்லை. அது பைத்தான் 2 புத்தகம். பிரிண்ட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் நேராக மேற்கோள் குறி வந்தாலே தெரிந்துவிடும். பதிப்பு ஆண்டை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில், ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம் 2-ஐ வைத்தே புத்தகங்கள் வந்தன. 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்தது.

தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆரம்ப அத்தியாயங்களில் இடிக்கிற இடங்கள் கொஞ்சம்தான். பென்சிலால் புத்தகத்திலேயே திருத்திக்கொண்டு படிக்கலாம்:

பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடுங்க. 'ரா இன்புட்' என்று வருவதெல்லாம் இப்போது வெறும் 'இன்புட்'. 'எக்ஸ்ரேஞ்ச்' இப்போது 'ரேஞ்ச்'. டிக்‌ஷனரியில் (பெயரும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் பட்டியல்) 'ஹாஸ் கீ' கிடையாது, அதற்குப் பதில் 'இன்' போடணும். எக்ஸெப்ட் வரியில் காற்புள்ளி இருந்தால் அங்கே 'ஆஸ்'.

இவையெல்லாம் எரர் காட்டிவிடும், அதனால் பயமில்லை. சத்தமே போடாமல் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று வகுத்தல்: 7/2 என்றால் பைத்தான் 2-ல் விடை 3, பைத்தான் 3-ல் 3.5. பழைய விடை வேண்டுமென்றால் 7//2 என்று இரட்டைக் கோடு. சராசரி, மீதம், பகா எண் கணக்குகளில் புத்தகத்தின் விடையும் உங்க விடையும் ஒத்துப்போகலைன்னா முதலில் இதைப் பாருங்க.

இன்னொன்று இன்புட். பைத்தான் 2-ல் இன்புட்டில் 5 என்று அடித்தால் அது எண்ணாகவே உள்ளே போகும். 3-ல் எதை அடித்தாலும் ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துச் சரம். அதை 2-ஆல் பெருக்கினால் 10 வராது, 55 வரும். எண் வேண்டிய இடத்திலெல்லாம் இன்புட்டைச் சுற்றி 'இன்ட்' போடணும், தசமம் வரும் என்றால் 'ஃப்ளோட்'.

பழைய புத்தகத்தில் "டிக்‌ஷனரியில் வரிசை நிற்காது" என்று இருந்தால் அடித்துவிடுங்க. 3.7 முதல் போட்ட வரிசை அப்படியே நிற்கும்.

கோப்பு, நெட்வொர்க், தமிழ் எழுத்துச் சரம் பற்றிய அத்தியாயங்கள் வந்ததும் அந்தப் புத்தகத்தை மூடிடுங்க. அங்கே மாற்றம் அதிகம், பென்சில் தாங்காது.

---

பதில் 2: பழைய கம்பைலர்

சி புத்தகம் ஓடாததற்கும் காரணம் வயசுதான். உள்ளே 'கோனியோ' ஹெடர், 'கிளியர் ஸ்கிரீன்', 'கெட்ச்', 'வாய்ட் மெயின்' எல்லாம் இருக்குமே? அது நீலத் திரை டர்போ சி என்ற பழைய கம்பைலருக்காக (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) எழுதியது. இன்றைய ஜிசிசி கம்பைலரில் 'கிளியர் ஸ்கிரீன்' கிடையாது. அந்த வரி, கெட்ச் வரி, கோனியோ வரி மூன்றையும் நீக்குங்கள். வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்கி, கடைசியில் ரிட்டர்ன் 0 போடுங்கள். முக்கால்வாசி நிரல்கள் ஓடிவிடும். 'கெட்ஸ்' வந்தால் 'எஃப்கெட்ஸ்' போடவும். 2011-இல் வந்த சி தரத்தில் கெட்ஸையே நீக்கிவிட்டார்கள், எத்தனை எழுத்து வாங்குவது என்ற வரம்பே அதற்குத் தெரியாது.

புத்தகம் சொல்லும் அளவுகளும் மாறிவிட்டன. டர்போ சியில் இன்ட் (முழு எண்) என்றால் 2 பைட், உச்சம் 32767. அதனால் 8-இன் ஃபாக்டோரியல் (1 முதல் 8 வரை பெருக்கினால் வருவது) 40320-க்குப் பதில் -25216 காட்டும். இன்று 4 பைட். 12 வரை சரியாக வரும், 13-க்கு 6227020800 வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 1932053504 என்று நிற்கும். எரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. புத்தகத்தில் "இன்ட் 2 பைட்" என்று எங்கே பார்த்தாலும் பக்கத்தில் 4 என்று எழுதிவையுங்கள்.

விண்டோஸில் சி எழுத கோட் பிளாக்ஸ் என்ற எடிட்டரை இறக்கினால் பெயரில் 'மிங்டபிள்யூ' என்று இருக்கும் கோப்பை எடுக்கவும். மற்றதில் கம்பைலர் இருக்காது. பச்சை பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் "கம்பைலர் காணோம்" என்றுதான் வரும்.

எதை முதலில் எடுப்பது? பைத்தான். இரண்டையும் ஒரே மாதத்தில் படித்தால் செமிகோலனும் கோலனும் கலந்து உயிரை வாங்கும். சியில் இஃப் உள்ளே ஒற்றைச் சமக்குறி போட்டால் கம்பைலர் எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ளும், நிரல் தப்பாக ஓடும். ஸ்கேன்எஃப்பில் & குறி விட்டுப்போனாலும் அதே கதை, ஓடும்போது கவிழும். பைத்தான் இஃப் உள்ளே ஒற்றைச் சமக்குறி போட்டால் ஓடவே மறுத்துவிடும். தனியாகப் படிப்பவருக்கு உடனே கத்துகிற மொழிதான் பாதுகாப்பு.

---

பதில் 3: விருகை டெஸ்டர்

மேலே இரண்டு பேர் பழைய பதிப்பைச் சொல்லிவிட்டார்கள். படிக்கிற முறையைச் சொல்கிறேன்.

எடிட்டர்: 4 ஜிபி ரேமுக்குப் பைத்தானோடு வரும் ஐடில் போதும். அதைவிட ஆரம்ப நிலைக்குத் தோனி (Thonny) என்ற எடிட்டர் நல்லது. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, பைத்தானையும் தன்னோடே கொண்டுவரும். ஒரு வரி ஒரு வரியாக ஓட்டி, ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்தில் காட்டும். நோட்பேடில் அடிப்பதாக இருந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. சேவ் செய்யும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்காவிட்டால் பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். வேர்டில் அடிக்கவே வேண்டாம். அது மேற்கோள் குறியை வளைத்துவிடும், வளைந்த குறி பைத்தானுக்குப் புரியாது. பிடிஎஃப்பிலிருந்து காப்பி பண்ணினாலும் இதே வம்பு.

அச்சுப் புத்தகத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளின்) நடுவில் பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தின் முதல் வரி எத்தனை இடம் தள்ளி இருந்தது என்று தெரியாது. முந்தைய பக்கத்தின் கடைசி வரியோடு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நீளமான வரியை அச்சில் மடித்திருப்பார்கள், அதை இரண்டு வரியாக அடித்தால் எரர். 'இனிட்' சொல்லின் இருபுறமும் ஒரே நீளக் கோடாகத் தெரிவது உண்மையில் இரண்டிரண்டு அடிக்கோடு. ஆங்கில எல் எழுத்தும் 1-உம், ஓ எழுத்தும் 0-வும் சில அச்சில் ஒன்றுபோலவே இருக்கும்.

தள்ளி எழுதுவதற்கு எப்போதும் 4 ஸ்பேஸ். ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் ஸ்பேஸ் என்றால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் ஓடாது.

இனி ஒரு அத்தியாயத்துக்கு வருவோம். நிரலை அடித்து முடித்ததும் ரன் அழுத்தாதீர்கள். என்ன வரும் என்று நோட்டில் எழுதிவிட்டு அழுத்துங்கள். லூப் என்றால் கட்டம் போடுங்கள்: ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை. ரேஞ்ச் 1, 10 என்றால் 9-ல் நின்றுவிடும் என்பது இந்தக் கட்டத்தில்தான் பளிச்சென்று தெரியும். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் வேறாக இருக்கும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம், அந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். பிறகு வேண்டுமென்றே உடையுங்கள். ஒரு கோலனை எடுத்துவிட்டு, ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டு, ஒரு மாறியின் பெயரில் எழுத்தை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் என்ன எரர் வருகிறது என்று குறித்துவைத்தால் பின்னால் அதே எரர் வரும்போது முகம் தெரிந்திருக்கும். மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து அதே நிரலை எழுத முடிகிறதா பாருங்கள். முடியாமல் அடுத்த அத்தியாயம் போனால் 4-ஆவது, 5-ஆவதில் மாட்டுவது உறுதி. பெரும்பாலும் ஃபங்ஷன் (பெயர் வைத்துத் திரும்ப அழைக்கும் நிரல் துண்டு) வரும் இடம் அது.

எரரைக் கீழிருந்து படிக்கணும். கடைசி வரியில் என்ன பிழை, அதற்கு மேலே எந்த வரி. சின்டாக்ஸ் எரர் என்றால் காட்டுகிற வரியோடு அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். மூடாத அடைப்புக்குறிக்குப் பழைய பைத்தான் அடுத்த வரியைத்தான் குறை சொல்லும், 3.10-லிருந்து சரியான இடத்தைக் காட்டுகிறது.

புத்தகத்தின் பயிற்சிகள் போரடித்தால் இஃப் அத்தியாயத்துக்கு ஈபி பில் போடுங்கள். 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு படிப்படியாக விலை. 500 தாண்டினால் வேறு அட்டவணை. அன்றைய விலையை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் விழும் குழி இரண்டு. '100-க்கு மேல்' என்ற நிபந்தனையை முதலில் எழுதினால் 650-உம் அங்கேயே மாட்டிக்கொள்ளும், கீழே இறங்காது. மொத்த யூனிட்டையும் ஒரே விலையால் பெருக்குவது அடுத்தது; அந்தந்தப் படியில் விழும் யூனிட்டுக்கு மட்டும்தான் அந்த விலை. 0, 100, 101, 500, 501 ஐந்தையும் போட்டுப் பாருங்கள். பைத்தான் 3-ல் மாறிக்கு 'யூனிட்', 'தொகை' என்று தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், ஓடும். இஃப், எல்ஸ் மட்டும் ஆங்கிலத்தில்தான்.

புதுப் பதிப்பு வாங்குவதற்கு முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 2, 3 புத்தகத்தின் ஃபங்ஷன் அத்தியாயத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் அத்தியாயம் எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

---

புதுநிரலர்

எல்லோருக்கும் நன்றி. பென்சில் வழியில் 3 அத்தியாயம் முடித்தேன். இப்போது எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பைத்தானோடு வரும் ராண்டம் மாட்யூலில் (எதேச்சையாக எண் தரும் தொகுப்பு) 'ராண்ட்இன்ட்' என்பதே இல்லை என்கிறது. இதுவும் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசமா?

---

பதில் 4: கிண்டி லோக்கல்

இல்லை ப்ரோ. உங்க ஃபைலுக்கே 'ராண்டம்' என்று பேர் வச்சிருப்பீங்க. இம்போர்ட் பண்ணும்போது பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில்தான் தேடும், உங்க ஃபைலையே எடுத்துக்கும். பேரை 'விளையாட்டு1' மாதிரி ஏதாவது மாத்துங்க, போதும்.

அது ஓடியதும் அடுத்து ஒண்ணு வரும், இப்பவே சொல்லிடறேன். சரியான எண்ணை அடிச்சாலும் "தப்பு" என்று லூப் சுத்திக்கிட்டே இருக்கும். இன்புட்டுக்கு 'இன்ட்' போடாததுதான் காரணம். ஸ்ட்ரிங் 7-உம் எண் 7-உம் சமமா என்று கேட்டால் எரர் வராது, "இல்லை" என்ற பதில்தான் வரும். பெரிசா சின்னதா என்று கேட்டால்தான் கத்தும். சுத்துற லூப்பை நிறுத்த கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்துங்க.