அப்பாவுக்குச் சர்க்கரை, சொன்னால் கேட்பதில்லை: பழக்கத்தை எப்படி மாற்றுவது?

செல்லூர்_மகன்:
அப்பாவுக்கு 57 வயது, கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை. டைப் 2 சர்க்கரை வந்து சில வருடம் ஆகிறது, இப்போது எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், வாய்தான் அடங்காது. கடையில் உட்கார்ந்தால் டீயும் வடையும், ராத்திரி கடை அடைத்துவிட்டு வரும் வழியில் பரோட்டா. அம்மாவும் நானும் சொல்லிச் சொல்லி இப்போது ஒளித்துச் சாப்பிடுகிறார், சட்டைப் பையில் கடலை மிட்டாய்க் காகிதம் கிடக்கிறது. டாக்டர் பயமுறுத்தினால் ரெண்டு நாள் சரியாக இருப்பார், ஒரு நாள் தவறினால் "அதான் போச்சே" என்று பழையபடி ஆரம்பித்துவிடுவார். என்னதான் செய்வது?

திருநகர்_நர்ஸ்:
தம்பி, முதலில் சட்டைப் பையைச் சோதிப்பதை நிறுத்துங்க. திட்டு வாங்கின மனுஷன் தின்பதை விடமாட்டார், காட்டுவதைத்தான் விடுவார். சர்க்கரைக்காரர்களுக்கு அந்த நோயைத் தினமும் பார்த்துக்கொள்வதிலேயே ஒரு சலிப்பும் குற்ற உணர்ச்சியும் வரும். அதை அளக்கவே 1995இல் போலன்ஸ்கி என்பவர் குழு ஒரு கேள்வித்தாள் போட்டது, அந்த அளவுக்கு அது நிஜமான விஷயம். அதனால் "இதைச் சாப்பிடாதே" என்பதை விட்டுவிட்டு, "எதை விடுவது உங்களுக்குச் சுலபம்?" என்று அப்பாவிடமே கேளுங்க. அவர் வாயால் ஒன்று சொல்லட்டும், ஒன்றே ஒன்று போதும். அப்புறம் அதை எப்போது, எங்கே என்று முடிவு பண்ணி வைக்கணும். "இனிமேல் சர்க்கரையைக் குறைக்கிறேன்" என்பது நிற்காது. "டீக்காரர் வந்தால் சர்க்கரை இல்லாமல் கேட்பேன்" என்பது நிற்கும். அதையும் டீக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டால் தினமும் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தெப்பக்குளம்_நடை:
அந்த "அதான் போச்சே" பற்றி நானும் சொல்றேன், எனக்கும் சர்க்கரைதான். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீங்க. லண்டனில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை. முக்கியமாக, நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் கெடவில்லை. இதை அப்பாவிடம் சொல்லுங்க, ஒரு நாள் பரோட்டா தின்றால் அடுத்த வேளையே பழையபடி வந்துவிடலாம். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு பத்து பதினைந்து நிமிடம் நடந்தாலே தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நாங்கள் தெப்பக்குளத்தைச் சுற்றுவது பேச்சுத் துணைக்காகத்தான், தனியாக என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன்.

மேலூர்_அக்கா:
எல்லோரும் மனசு மனசு என்கிறீர்கள், அந்த மனுஷன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பத்து மணி வரை டீயிலும் வடையிலும் ஓட்டினால் பரோட்டாக் கடையைத் தாண்டி எப்படி வருவார்? சாயங்காலம் கடைக்குச் சுண்டல் கொடுத்துவிடுங்க. வீட்டிலும் அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், எல்லோர் தட்டிலும் சோறு குறைந்து காய் கூடட்டும். தம்பி, உங்களுக்கும் இது வரலாம், நீங்களும் டெஸ்ட் எடுங்க. சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களைச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு மூன்று வருடம் பார்த்து 2006இல் எழுதியது, சாப்பாடும் நடையும் மாறியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

செல்லூர்_மகன்:
கேட்டுப் பார்த்தேன். டீயில் சர்க்கரையை விடுகிறேன், பரோட்டாவைப் பற்றிப் பேசாதே என்கிறார். ஒத்துக்கொள்வதா? வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் வாங்கலாமா?

திருநகர்_நர்ஸ்:
தாராளமாக ஒத்துக்கொள்ளுங்க, டீ அவரே எடுத்த முடிவு. மெஷின் வாங்குங்க, ஆனால் அவர் கையில் கொடுங்க. பரோட்டாவுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை அவரே பார்க்கட்டும், நீங்க நம்பரைக் கேட்காதீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறார் என்றால், சாப்பாடு குறைந்து நடையும் கூடும்போது சர்க்கரை ரொம்ப இறங்கி, வேர்த்து, கை நடுங்கலாம். ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்க.