ஹிப் ஃப்ளெக்சருக்குத் தமிழ்ச் சொல்: ‘இடுப்பு மடக்கி’ சரியா?

மதுரையிலிருந்து, இயன்முறை மருத்துவர்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் புறநோயாளிகளுக்குக் கொடுக்க ஹிப் ஃப்ளெக்சர் (தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவரும் தசைகள்) தசைவலி பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே முட்டி நிற்கிறேன். இணையத்தில் தேடினால் ‘இடுப்பு நெகிழ்வுத் தசை’ என்று வருகிறது. ஃப்ளெக்சரைப் பார்த்ததும் ஃப்ளெக்சிபிள் ஞாபகம் வந்து யாரோ, அல்லது ஏதோ ஒரு மொழிபெயர்ப்புப் பொறி, போட்ட சொல் போலிருக்கிறது. நெகிழ்வு என்றால் தளர்வு அல்லவா? ‘உங்கள் நெகிழ்வுத் தசை இறுகிப்போயிருக்கிறது’ என்று ஒருவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இதில் குழப்பமே இல்லை ஐயா. ஃப்ளெக்சர் மடக்கி, எக்ஸ்டென்சர் நீட்டி. ஆகவே இடுப்பு மடக்கி, இடுப்பு நீட்டி. முழங்கை, மணிக்கட்டு, விரல் என எல்லாவற்றுக்கும் இதே வாய்பாடு பொருந்தும். ஒரு தசைக்கு மட்டும் சலுகை காட்டினால் கலைச்சொல் பட்டியல் கந்தலாகிவிடும்.

மதுரை:

வாய்பாடு அழகாகத்தான் இருக்கிறது ஐயா. நேற்று சிகிச்சைக்கு வந்த நான்கு பேரிடம் ‘இடுப்பு மடக்கி எங்கே இருக்கும், தொட்டுக் காட்டுங்கள்’ என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனார்கள். நான்காமவர் வேட்டி முடிச்சைத் தொட்டார்.

அவர்கள் மேல் தப்பில்லை. இடுப்பு என்றால் நமக்குக் குடம் வைக்கிற இடம், அரைஞாண் கட்டுகிற இடம். இடுப்பு வலி என்றால் கீழ்முதுகு வலி. நான் சொல்லவந்த மூட்டோ அதற்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சரி, இடுப்பை விடுங்கள், ‘மடக்கி’யாவது உதவுமா? ‘காலை மடக்குங்க’ என்றால் யாரும் தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவர மாட்டார்கள். முழங்காலைத்தான் மடக்குவார்கள். இரண்டு பாதியும் இரண்டு தப்பான இடத்துக்குக் கூட்டிப்போகின்றன.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. ஒருவர் இரண்டு வாரம் கீழ்முதுகில் தைலம் தேய்த்துவிட்டு வந்தார். வேறெங்கோ வாங்கிய அறிக்கையில் ‘இடுப்புத் தசை வலி’ என்று போட்டிருந்ததாம். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். ‘தொடைச் சந்துல புடிச்சு இழுக்குது சார். டவுன் பஸ் முதல் படி ஏற முடியல, பைக்ல காலத் தூக்கிப் போட முடியல’ என்றார். நோய் முழுக்க அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த வினையைக் கவனியுங்கள்: தூக்கு. ஆகவே என் முன்மொழிவு: தொடைதூக்கி.

தசையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், சொல்லை எடைபோட உதவும். இது ஒற்றைத் தசை இல்லை, ஒரு கூட்டம். முதன்மையானது சோவாஸ். முதுகெலும்பில் மார்புப் பகுதியின் கடைசி எலும்பிலும் அதற்குக் கீழுள்ள ஐந்து எலும்புகளிலும் புறப்பட்டு, வயிற்றுக்குப் பின்புறமாக இறங்கி, இடுப்பெலும்பின் உட்குழியிலிருந்து வரும் இலியாக்கஸோடு சேர்ந்து, தொடையெலும்பின் மேல்முனையில் உள்பக்கச் சிறு முண்டில் பற்றுகிறது. துணைக்குத் தொடையின் முன்தசைகளில் ஒன்றும், உடம்பிலேயே நீளமான சார்ட்டோரியஸும் உண்டு. 

பந்தை உதைக்கும்போதும் ஓட்டத்தில் திடீரென வேகம் எடுக்கும்போதும் இது சுளுக்கலாம், நார்கள் கிழியலாம். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்குக் குறுகிய நிலையிலேயே கிடந்து இறுகலாம். இறுக்கத்தைப் பார்க்க வேல்ஸ் நாட்டில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) பெயரால் ஒரு சோதனை இருக்கிறது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடித்தால் மறு தொடை படுக்கையில் படிந்து கிடக்க வேண்டும். அது தானாக எழும்பினால் இறுக்கம். பாருங்கள், இங்கேயும் தொடைதான் எழும்புகிறது!

யாழ்ப்பாணத்திலிருந்து, தாதி:

வணக்கம் அண்ணை. உங்கட இடுப்புப் பிரச்சினை எங்களுக்கு இவ்வளவு இல்லை. கீழ்முதுகை நாங்கள் நாரி எண்டுதான் சொல்லுவம். ‘நாரி நோகுது’, ‘நாரிப்பிடிப்பு’ எண்டுதான் சனம் வரும். பள்ளிக்கூடப் புத்தகத்திலயும் நாரி முள்ளந்தண்டென்பு எண்டுதான் படிச்சனாங்கள். நீங்கள் பெயர் சொல்லாமல் விட்ட அந்த ஐந்து எலும்பும் அதுதான். 1847இல இஞ்ச வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் மானிப்பாயில தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்சவர், உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் எண்டு எழுதினவர். ஆனபடியால் தொடைதூக்கி எனக்குப் புதினமாகத் தெரியேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன்: தொடைச்சந்து நோவெல்லாம் இந்தத் தசைதான் எண்டு சனம் நினைச்சுவிடாதோ?

மதுரை:

நாரி! அதை நாங்கள் எப்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை. அந்த ஐந்து எலும்புக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டது முக்கியம் அம்மா, அறிக்கையில் கட்டம் கட்டிப் போடுகிறேன். இருமினால் புடைக்கும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய் சந்தேகம் வர வேண்டும். அங்கே கட்டும் சீழ் சோவாஸ் வழியாகவே இறங்கித் தொடைச் சந்தில் கட்டியாகத் தோன்றுவதுண்டு. அதை நெறிகட்டியது என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. காலை ஊன்றவே முடியாத வலியும், இரவில் எழுப்பும் வலியும் உடனே மருத்துவர் பார்க்க வேண்டியவை.

மற்றபடி பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை எளிது. படுத்தே கிடக்க வேண்டாம். வலியைக் கிளப்பும் வேலையை மட்டும் சில நாள் குறைத்தால் போதும். புதுச் சுளுக்கென்றால் முதல் இரண்டு நாள் துணி சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். அந்த நாள்களில் இழுத்து நீட்டக் கூடாது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வலி தணிந்த பின், வலிக்கும் பக்க முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு பாதத்தை முன்னே வைத்து, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை மெல்ல முன்னே தள்ளி 30 விநாடி. (நானே ‘இடுப்பு’ என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா?) பிறகு நின்றபடி தொடையை மெல்லத் தூக்கி இறக்கும் பயிற்சி. நீட்டினால் மட்டும் போதாது, தசைக்கு வலுவும் வேண்டும்.

சென்னை:

இரண்டு தடை. இமை, தோள்பட்டை ஆகியவற்றை உயர்த்தும் தசைகளுக்கு ஏற்கெனவே ‘தூக்கி’, ‘உயர்த்தி’ என்று எழுதுகிறோம். அவையும் இதுவும் ஒன்றாகிவிடாதா? இரண்டாவது, கால் அசையாமல் இருக்க, படுத்தவர் எழுந்து உட்காரும்போதும் இதே தசைதானே வேலை செய்கிறது? அப்போது தூக்கப்படுவது தொடை அன்று, உடல்.

மதுரை:

இரண்டாவது தடைக்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதனால் பட்டியலில் ‘இடுப்புமூட்டு மடக்கி’ என்றே இருக்கட்டும், ‘மூட்டு’ மட்டும் விடுபடக் கூடாது. நோயாளி கையில் கொடுக்கும் தாளில் தொடைதூக்கி. இன்று காலை வேறு நான்கு பேரிடம் கேட்டேன். நால்வரும் தொடையின் முன்புறத்தைத் தொட்டார்கள். ஒரு அம்மா கேட்காமலேயே காலைத் தூக்கியும் காட்டினார்.

வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. சேர்த்து எழுதவா, பிரித்தா? நடுவில் ஒற்று உண்டா?

சென்னை:

சுமைதாங்கி, இடிதாங்கி போல. சேர்த்தே எழுதுக. இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது. பின்னால் ‘தசை’ வந்தால் அங்கே மிகும்: தொடைதூக்கித் தசை.