அதே ஆழம், அதே மணல்: ஒரு துளையில் எஸ்.பி.டி. என் (N) மதிப்பு 17, இன்னொன்றில் 4. எதை எடுப்பது?

கேள்வி (செங்கல்சூளை):
வணக்கம். மூன்று மாடிக் கட்டடத்துக்கு மண் ஆய்வு. மேலே 2 மீட்டர் களிமண், கீழே நுண்மணல். நீர்மட்டம் 2.2 மீட்டரில். முதல் துளையில் 4.5 மீட்டர் ஆழத்தில் எஸ்.பி.டி. (சுத்தியால் குழாயை 45 செ.மீ. மண்ணுக்குள் அடித்து இறக்கும் சோதனை) என் (N) மதிப்பு, அதாவது கடைசி 30 செ.மீ.க்கான அடிகள், 17. எட்டு மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டாம் துளையில் அதே ஆழத்தில் ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் அடிகள் 1, 2, 2; முதல் எண் கணக்கில் சேராது, அதாவது 4. மணல் பார்க்க ஒன்றுதான். மூன்றாம் துளையில் 9 மீட்டரில் ரிஃப்யூசல், அதாவது அடித்தும் குழாய் இறங்கவில்லை. பாறை வந்துவிட்டது, நிறுத்தலாம் என்கிறார்கள். மற்ற இரண்டிலும் 12 மீட்டர் வரை பாறையே இல்லை. நிறுத்தலாமா?

பதில் (நீர்மட்டம்):
4 வந்த துளையில், சோதனை நேரத்தில் துளைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது? வெளி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், வெளித் தண்ணீர் துளையின் அடி வழியாக மேலே ஏறும். கூடவே மணலையும் கிளப்பிவிடும். துளையிலிருந்து மண்ணை அள்ளும் பெய்லரை வேகமாக உருவினாலும் இதே கதிதான், சிரிஞ்சு போல அடிமணலை உறிஞ்சிவிடும். அப்புறம் ஸ்பூன் (அடித்து இறக்கும் மாதிரிக் குழாய்) இறங்குவது கலங்கிய மணலில்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அடிக்கத் தொடங்கும் முன் ராடு நீளத்தை வைத்து ஸ்பூன் எங்கே உட்கார்ந்தது என்று பாருங்கள். 4.5 வரை துளைத்த இடத்தில் அது 4.2-இலேயே நின்றால், உள்ளே 30 சென்டிமீட்டர் மணல் சரிந்து கிடக்கிறது. அந்த எண்ணைக் குறிக்கவே கூடாது.

ஒன்றரை மீட்டர் தள்ளிப் புதுத் துளை போடச் சொல்லுங்கள். பென்டோனைட் களிமண் கரைசலோ தண்ணீரோ எப்போதும் கேசிங் (துளையின் சுவர் சரியாமல் காக்கும் குழாய்) வாய்வரை நிற்க வேண்டும். கேசிங் சோதனை மட்டத்தைத் தாண்டி இறங்கக் கூடாது.

பதில் (சுத்தியல்):
17-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 63.5 கிலோ சுத்தி 75 செ.மீ. தடையின்றி விழ வேண்டும். கயிற்றை உருளையில் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால் கயிறே சுத்தியைப் பிடித்துக்கொள்ளும். அடியின் பலம் குறையும், எண்ணிக்கை கூடும். வழிகாட்டிக் கம்பியில் 75 செ.மீ.க்கு சாக்பீஸ் கோடு போட்டிருந்தார்களா?

மூன்று 15 செ.மீ. எண்களையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். 7, 8, 9 என்றால் நம்பலாம். 4, 5, 12 என்றால் கூட்டல் அதே 17தான். ஆனால் நுனியில் கல் மாட்டியிருக்கலாம், அல்லது அடுக்கே மாறியிருக்கலாம். ஸ்பூனில் வந்த மாதிரியின் நீளம் சொல்லிவிடும். 45 செ.மீ. அடித்து 10 செ.மீ. மண்ணும் நுனியில் ஒரு கல்லுமாக வந்தால் அது கல்லின் எண், மணலின் எண் அல்ல.

பதில் (கருங்கல்):
மூன்றாம் துளையை நிறுத்தாதீர்கள். ரிஃப்யூசல் என்றால் ஸ்பூன் இறங்கவில்லை, அவ்வளவுதான். பாறை என்று அதற்குப் பொருள் இல்லை. பாறையை உருளைத் துண்டாக (கோர்) வெட்டி எடுக்கும் இரட்டைக் குழாய் கோர் பேரல் வைத்து குறைந்தது 3 மீட்டர் எடுங்கள். 60 செ.மீ. கல்லுக்குப் பிறகு மறுபடி மணல் வந்தால் அது உருண்டைக் கல்.

கோர் வந்ததும் 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் ஆர்.க்யூ.டி., பாறையின் தரத்தைக் காட்டும் சதவீதம். துளைக்கும்போது உடைந்த துண்டுகளை ஒட்டவைத்தே அளக்க வேண்டும். புது உடைவு பளிச்சென்று இருக்கும். பழைய விரிசலில் துருக்கறையோ களிமண் பூச்சோ தெரியும்.

செங்கல்சூளை:
நன்றி சார். பதிவேட்டைப் பார்த்தேன். முதல் துளை 7, 8, 9. இரண்டாம் துளையில் சோதனையின்போது உள்ளே தண்ணீர் 3.4 மீட்டரில் இருந்திருக்கிறது. புதுத் துளைக்குச் சொல்லிவிட்டேன், மூன்றாவதில் கோரும் எடுக்கிறோம்.

நீர்மட்டம்:
வெளியே 2.2, உள்ளே 3.4 என்றால் 1.2 மீட்டர் வித்தியாசம். நுண்மணலைக் கிளப்ப அது தாராளம். ஆனால் வாய்வரை தண்ணீர் நிறுத்தியும் மறுபடி 4, 5 என்றே வந்தால், 17-ஓடு சேர்த்து சராசரி போட்டுவிடாதீர்கள். அங்கே மணல் உண்மையிலேயே தளர்வு. நீரில் ஊறிய தளர்ந்த நுண்மணல் நிலநடுக்கத்தில் குழம்பாகிவிடும். அதைக் கணக்கிட்ட பிறகே அடித்தள வகையை முடிவு செய்யுங்கள்.