தொடக்க மதிப்பில்லாத மாறி: லினஸ் அணைத்தது எதை?

கரிசல்: "தொடக்க மதிப்பில்லாத மாறி பற்றிய எச்சரிக்கை வெறும் இரைச்சல், லினஸே அணைத்துவிட்டார்" என்று நேற்று மின்மினி எழுதியிருந்தார். எரிச்சல்தான் வந்தது. 2020இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் மையப் பகுதியான கெர்னலில் அணைத்தது, 'மதிப்பு இல்லாமல் இருக்கலாம்' என்று ஜிசிசி என்ற கம்பைலர் சந்தேகப்படும் வகையை மட்டும். உறுதியாகச் சொல்லும் வகையை அவர் தொடவில்லை.

மின்மினி: அணைத்தார் என்றால் அணைத்தார்தான். ஒரு நிபந்தனைக்குள் மாறிக்கு மதிப்பு தருகிறேன். பத்து வரி தள்ளி அதே நிபந்தனைக்குள் மட்டும் அதைப் படிக்கிறேன். இதில் என்ன பிழை? ஆனாலும் ஜிசிசி சில நேரம் கத்தும். நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் நிலையை மாற்றினால் அடங்கிவிடும். இதை நம்பவா சொல்கிறீர்கள்?

கரிசல்: மறுபடியும் சொல்கிறேன், அணைத்தது சந்தேக வகையை மட்டும். கத்துகிறது என்று நீங்கள் என்ன செய்வீர்கள்? மாறிக்குத் தொடக்கத்திலேயே பூஜ்ஜியத்தை வைத்து வாயடைப்பீர்கள். கெர்னலில் பெரும்பாலான செயல்கூறுகள் பூஜ்ஜியம் திருப்பினால் வெற்றி என்று பொருள். நாளை ஒருவர் புதிய பிழைக் கிளையைச் சேர்த்து, அங்கே மாறிக்குப் பிழை எண்ணைத் தர மறந்தால், அதில் கிடக்கும் பூஜ்ஜியமே திரும்பும்; தோற்றுப்போன வேலை வென்றதாகிவிடும். எச்சரிக்கையும் வராது.

மின்மினி: எச்சரிக்கைக்குப் பயந்துதானே பூஜ்ஜியம் வைக்கிறார்கள்? டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 2006இல் இதே பயத்தில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் தற்செயல் தரவைச் சேர்க்கும் வரிகளை நீக்கினார்கள். 2008 மே வரை அங்கே உருவான குறியாக்கச் சாவிகளுக்கு, ஓடும் நிரலுக்குக் கிடைக்கும் பிராசஸ் எண் ஒன்றுதான் தற்செயல். மொத்தம் 32,768 வாய்ப்புகள்!

கரிசல்: அங்கே குறை சொன்னது வால்கிரைண்ட். ஓடும் நிரலைச் சோதிக்கும் கருவி அது, கம்பைலர் இல்லை. இந்த வேறுபாடு தெரியாதவர் லினஸை ஏன் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்?

தூண்டில்: ஜாவாவில் இந்தச் சண்டையே இல்லை. மதிப்பு தராத உள்மாறியைப் படித்தால் கம்பைலே ஆகாது.

மின்மினி: இங்கே பேசுவது சி மொழி. எந்தத் திரியிலும் ஜாவாவோடு வந்துவிடுகிறீர்கள்.

தூண்டில்: சென்ற மாதம் பாய்ண்டர் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு என்னை விரட்டுங்கள்.

கரிசல்: பாய்ண்டருக்கு வேறு திரி திறந்துகொள்ளுங்கள். மின்மினி, 'இருக்கலாம்' என்ற வகையை மட்டும்தான் அணைத்தார். ஆமா, இல்லையா?

மின்மினி: அணைத்தார். நான் எழுதியதும் அதுதான்.