பின்பனிக் காலத்தில் இருவர் மட்டும் ஸ்கீ டூரிங் செல்லலாமா?

கேள்வி:
நானும் என் மனைவியும் பின்பனிக் காலத்தில் உயர்மலைப் பகுதியில் நான்கு நாள் ஸ்கீ டூரிங் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். லிஃப்ட் ஏதுமில்லாத பாதை. ஸ்கீ எனும் சறுக்குப் பலகையின் அடியில், ஏறும்போது பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும் ஸ்கின் பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறி, மேலே அதைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். மூன்றாண்டு அனுபவம் உண்டு என்றாலும், இதுவரை குழுவோடுதான் சென்றிருக்கிறோம். சென்ற ஆண்டு இரண்டாம் ஏற்றத்தின்போது மனைவியின் ஸ்கின் பட்டையில் பனித்தூள் படிந்து, பசை பிடிக்காமல் வால்பக்கம் தொங்கியதில் ஒரு மணி நேரம் வீணாயிற்று. அன்று உடன் ஆறு பேர் இருந்தார்கள். இருவராகச் செல்லும்போது எதையெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும்?

மறுமொழி 1:
செல்லலாம், ஆனால் கணக்கு மாறிவிடுகிறது. பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் தேடுவதற்கும் தோண்டுவதற்கும் மற்றவர் ஒருவரே மிஞ்சுகிறார். முழுதாகப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து நிமிடங்களுக்குப் பின் மளமளவெனக் குறைந்துவிடுவதால், வெளியிலிருந்து வரும் மீட்புக் குழுவை நம்பிப் பயனில்லை. சரிந்து நின்ற பனி சிமெண்ட் போல இறுகிவிடும்; கையால் தோண்டிவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும். ஆகவே 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் இருவரும் ஒரே நேரத்தில் இருக்கவே கூடாது. ஒருவர் பனிச்சரிவு எட்டாத இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்திருக்க, மற்றவர் கடக்கட்டும். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிறு ரேடியோ கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் இருவரிடமும் இருக்க வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. கைபேசி அருகில் இருந்தால் குழம்பும். நடக்கும்போது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வையுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் ஒரே மலையில் இரு வேறு பனி இருக்கும். வெயில் படும் பக்கம், வானம் தெளிந்த இரவில் இறுகி, காலையில் உறுதியாக நின்று, வெயில் ஏற ஏற இளகி, பிற்பகலில் ஈரப் பனிச்சரிவாக இறங்கும். இரவு மேகமூட்டமாக இருந்தால் காலையிலும் அதை நம்ப முடியாது. நிழல் பக்கத்திலோ குளிர்காலத்தில் உருவான வலுவற்ற அடுக்கு இன்னும் உள்ளே கிடக்கலாம். காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கும் ஒலி கேட்டால் விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள். ஐந்து நிலை கொண்ட பனிச்சரிவு அபாய அறிவிப்பில் 3 என்றிருப்பதை ‘நடுத்தரம்’ என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். அந்த நிலையின் பெயரே ‘கணிசமான அபாயம்’ என்பதாகும்.

மறுமொழி 3:
நானும் கணவரும் இருவராகவே செல்பவர்கள். ஸ்கின் பட்டையைக் கழற்றியதும் பசைப்பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி, பையில் போடாமல் மேலங்கிக்குள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏற்றத்துக்கு முன் ஸ்கீயின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். அப்படியும் வால் தொங்கினால், ஸ்கீயோடு சேர்த்துக் கட்ட இரண்டு ரப்பர் வார்கள் போதும். இன்னொன்று: மெதுவாக ஏறுபவரை முன்னே விடுங்கள். முன்னே செல்பவர் நின்று காத்திருந்து, பின்னவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிட்டால், ஓய்வு ஒருவருக்கே கிடைக்கிறது. களைத்தவர் “திரும்பலாம்” என்று வாய்திறக்கவும் தயங்குவார். எங்களுக்குள் யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் திரும்புவது என்பது ஏற்பாடு.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வெயில் பக்கச் சரிவைக் கடப்பதாகத் திட்டத்தில் இருந்தது. கிளம்பும் நேரத்தை அதிகாலை நான்காக்கி, அந்தச் சரிவை ஒன்பதுக்குள் கடக்குமாறு மாற்றிவிட்டோம். மனைவி முன்னே செல்கிறார்.