மெருகுப் பெல்ட்டுகளைப் பழக்குவதும் பராமரிப்பதும்: கத்திப் பட்டறை அனுபவம்

கத்தி செய்வோர் இருவர் சந்தித்தால், எந்த கிரிட்டுக்குப் பிறகு எந்த கிரிட் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. கிரிட் என்பது பெல்ட்டில் ஒட்டிய உராய்வு மணிகளின் அளவைக் குறிக்கும் எண்; பொதுவாக எண் கூடக் கூட மணி நுண்ணியதாகும். அந்த வரிசையை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். கையிலிருக்கும் பெல்ட் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் நாமேதான் பார்த்தறிய வேண்டும். மெருகு கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நான் பயன்படுத்துவது 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட் ஓடும் கிரைண்டர். அலகின் சரிவை, அதாவது வாய் எனப்படும் கூர் விளிம்பை நோக்கி மெலியும் பக்கத்தை, 36, 60, 120 கிரிட் செராமிக் (பீங்கான் வகை மணி ஒட்டிய) பெல்ட்டுகளில் இறக்கிய பிறகு, டிரைசாக்ட் என்ற மெருகுப் பெல்ட் வகையில் ஏ100, ஏ65, ஏ45, ஏ30 என்று படிப்படியாகச் சென்று, கடைசியில் கார்க் (தக்கை) பெல்ட்டிலோ ஸ்காட்ச்-பிரைட் பெல்ட்டிலோ முடிப்பது வழக்கம். டிரைசாக்ட் எண்கள் மணியின் அளவை ஏறத்தாழ மைக்ரான் கணக்கில் குறிப்பவை என்பதால், மற்ற பெல்ட்டுகளுக்கு நேர்மாறாக, எண் குறையக் குறைய மென்மை கூடும். ஏ45 சுமார் 400 கிரிட்டுக்கும் ஏ16 சுமார் 1200 கிரிட்டுக்கும் ஈடாகும். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒருவர் ஏ30 பெல்ட்டை 30 கிரிட் என்று எண்ணிச் சரிவை இறக்க முயன்று, இரும்பு தேயவே மாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் அழுத்திய அழுத்தத்தில் பெல்ட்டின் மணிகள் அடுக்கடுக்காக உதிர்ந்து வீணாயின. கரடான செராமிக் பெல்ட்டுக்கு அழுத்தம் தேவை. மணி உடைந்து புதுமுனை காட்டாவிட்டால் அது மழுங்கிப் பளபளத்துவிடும். மெருகுப் பெல்ட்டுக்கோ கையின் எடையே ஏறக்குறையப் போதும்.

தனிக் கீறல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவருக்கு, 400 கிரிட் வரை ஒரே சீராக வந்த அலகில், திடீரென்று ஆழமான ஒற்றைக் கீறல் விழுந்துகொண்டே இருந்தது. பெல்ட் தரமற்றது என்று முடிவு செய்து அவர் வேறொன்றை மாட்டினார், கீறல் நிற்கவில்லை. அவருடைய பட்டறையில் 60 கிரிட் பெல்ட்டுகளும் மென்மையான பெல்ட்டுகளும் ஒரே கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின; கரட்டுப் பெல்ட்டிலிருந்து உதிர்ந்த மணி மென்மையான பெல்ட்டின் முகத்தில் தங்கி, ஓடும்போது அலகைக் கிழித்திருக்கிறது. கிரிட் வாரியாகத் தனித்தனிக் கொக்கிகள் அமைத்து, கிரிட் மாறும்போதெல்லாம் அலகையும் கையையும் கழுவி, பெல்ட் பின்னால் தாங்கும் தட்டையும் துடைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்னொரு பழக்கமும் இதற்கு உதவும்: ஒவ்வொரு கிரிட்டுக்கும் அலகைப் பிடிக்கும் கோணத்தைச் சற்றே மாற்றினால், முந்தைய பெல்ட்டின் கீறல்கள் குறுக்காகத் தெரியும், அவை முழுவதும் மறையும்வரை அடுத்த பெல்ட்டைத் தொடக் கூடாது. கார்க் பெல்ட்டில் கண்ணாடிபோல மின்னும் அலகில் தெரியும் அந்த ஒரு கோடு, பெரும்பாலும் 120 கிரிட்டிலேயே விட்டுவைத்ததாக இருக்கும்.

கார்க் பெல்ட் தனிப்பட்ட குணமுடையது. மற்றவை தேயத் தேயக் கெடும். இது பழகப் பழகத் தேறும். புதிய கார்க் பெல்ட்டின் முகம் மேடுபள்ளமாக இருக்கும். அப்படியே அலகை வைத்தால் தடதடவென்று துள்ளி ஒழுங்கற்ற கோடுகளைப் போடும். எனவே முதலில் கூரில்லாத, முனைகள் மழுக்கப்பட்ட எஃகுத் துண்டொன்றை மிதமாக அழுத்தி முகம் சமமாகும்வரை ஓட்டுகிறேன். பிறகு வேகத்தைக் குறைத்து, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பாலிஷ் கட்டியை மெல்லிய படலமாகத் தேய்க்கிறேன். அதிகம் பூசினால் மெழுகு திரண்டு அலகில் கறுப்புத் திட்டாக ஒட்டும். நாளடைவில் பெல்ட் கறுத்து வழவழப்பாகிவிடும். பார்ப்பவர்கள் அதைத் தூக்கியெறியச் சொல்வார்கள். என் கணக்கில் அதுதான் அதன் நல்ல பருவம்.

இந்தப் பெல்ட்டில் அலகின் வாய் எப்போதும் பெல்ட் செல்லும் திசையையே நோக்கியிருக்க வேண்டும். எதிர்த்திசையில் வைத்தால் வாய் கார்க்கில் குத்தி, பெல்ட் கிழிவதோடு கத்தியும் கையைவிட்டுப் பறக்கும். தோல் பெல்ட்டுக்கும் இதே விதிதான்.

வேகத்தைப் பொறுத்தவரை, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றினால் பெல்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 மீட்டர் ஓடும். மெருகுக்கு நான் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் வைக்கிறேன். 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு அந்த வெப்பத்தைத் தாண்டினால் கடினம் இழக்கத் தொடங்கும். மெல்லிய வாயிலும் நுனியிலும் சூடு நொடியில் ஏறும். மென்மையான பெல்ட் வெட்டுவதைவிட உரசுவதே அதிகம் என்பதால், கரட்டுப் பெல்ட்டைவிட இதில்தான் வாய் நிறம் மாறும் ஆபத்து கூடுதல். கையுறை இல்லாமல் பிடித்து, விரலுக்குச் சூடு உறைத்ததும் தண்ணீரில் நனைப்பதே நம்பகமான முறை. சுழலும் பெல்ட்டில் கையுறை சிக்கும் என்பது வேறு விஷயம்.

ஸ்காட்ச்-பிரைட் பெல்ட் நெய்யப்படாத நைலான் இழையால் ஆனது. அது மென்மையான பட்டுப்போன்ற மெருகைத் தரும். அதிகம் ஓட்டினால் சரிவு தொடங்கும் இடத்திலுள்ள கூர்மையான கோட்டை உருட்டிவிடும். இழுவிசையில் விட்டுவைத்தால் நீண்டுவிடும் என்பதால், வேலை முடிந்ததும் தளர்த்திக் கழற்றிவிட வேண்டும்.

மணிகளிடையே தூள் அடைபட்ட துணிப் பெல்ட்டை கிரேப் ரப்பர்க் (பதப்படுத்தாத இயற்கை ரப்பர்) கட்டியால் சுத்தம் செய்யலாம். மரக் கைப்பிடியின் பிசின் கருகி ஒட்டிய பெல்ட்டுக்கு அது பெரிதாக உதவாது. ஜே-வகை எனப்படும் மெல்லிய, வளையும் துணிப் பெல்ட்டுகள் ஈரக் காற்றில் ஓரம் சுருளும். மடிப்பு விழாமல் பருமனான குழாயின் மேல் தொங்கவிட்டு, வெயிலும் தரை ஈரமும் படாத இடத்தில் வைப்பது நல்லது. உட்புறத்தில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். இல்லையேல் ஒட்டு விட்டுப்போகும்.

எச்சரிக்கை ஒன்று: மெழுகேறிய கார்க் தூளும் மரத்தூளும் சேர்ந்த இடத்தில் கரட்டுப் பெல்ட்டின் தீப்பொறி விழுந்தால் உள்ளே புகைந்து பிறகு பற்றும். ஆகவே பெல்ட் மாற்றும்போதே கிரைண்டரின் அடியில் சேர்ந்த தூளையும் அள்ளி அப்புறப்படுத்தி, பொறி விழும் இடத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்த பிறகே செராமிக் பெல்ட்டை மாட்டுகிறேன்.