கும்பாபிஷேகக் குழு: சைட்டைத் தொட்டா சூதாட்டத்துக்குப் போவுது

கல்பனா பாரிஸ்: அப்பா, கூகுள்ல நம்ம கோயில் பேரைத் தேடி சைட்டைத் தொட்டா ஏதோ ரம்மி சைட்டுக்குப் போவுது. இங்க நாலு வீட்டுக்கு அனுப்பிட்டேன். எல்லாரும் கேக்குறாங்க.

ரவி சித்தப்பா: பணம் போயிடுச்சா??

முரளி: எனக்கு நல்லாதான் தொறக்குது. ஸ்கிரீன்ஷாட் பாருங்க.

சாந்தி அத்தை: எங்க வீட்லயும் தொறக்குது. நெட்டு கோளாறா இருக்கும்.

கணேசன் பெரியப்பா: நோட்டீஸ்ல அட்ரஸ் அடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை திருப்பாப்புலியூர்ல குடுக்கணும்.

அருண்: முரளி மச்சான், நீங்க அட்மினா லாகின் ஆகியிருக்கீங்க, அட்ரஸையும் நேரா அடிக்கிறீங்க. யாரோ சைட்டை ஹேக் பண்ணி உள்ள ஒரு புரோகிராம் வச்சிருக்காங்க. இந்த வகைப் புரோகிராம், வர்றவர் கூகுள்லேர்ந்து வர்றாரா, மொபைலான்னு பாத்துட்டுத்தான் திருப்பிவிடும். லாகின் ஆனவங்களை விட்டுடும். ஓனர் கண்ணுல படக் கூடாதுன்னே அப்படி எழுதுறாங்க. லாகின் இல்லாத போன்ல, இன்காக்னிட்டோவுல, கூகுள் வழியா போய்ப் பாருங்க.

முரளி: இரு

முரளி: ஆமா. போவுது

அருண்: பெரியப்பா, அதுக்கு முன்னாடி ஒண்ணு. சைட்டுல இருக்குற நன்கொடை க்யூஆரை ஸ்கேன் பண்ணி என்ன பேரு வருதுன்னு பாருங்க. பணம் அனுப்ப வேணாம். நோட்டீஸ்ல இருக்குற யுபிஐ ஐடியோட எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. அதை மாத்தியிருந்தா மால்வேர் தேடுற எந்த ஸ்கேனரும் சொல்லாது, அதுக்கு அது வெறும் படம்.

கணேசன் பெரியப்பா: டிரஸ்ட் பேருதான் வருது. ஐடியும் அதேதான்.

ரவி சித்தப்பா: 🙏🙏

தேவி அண்ணி: பந்தல்காரர் அட்வான்ஸ் கேக்குறார். யாரு குடுக்குறது?

முரளி: சுக்குரி சைட்செக்னு ஒரு ஆன்லைன் ஸ்கேனர்ல போட்டுப் பாத்தேன். மால்வேர் இல்லைன்னு பச்சையா வருது.

அருண்: அது வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறது மச்சான். வெளிய தெரியிற பக்கத்தை மட்டும்தான் படிக்கும், சர்வர் உள்ள இருக்குற பிஎச்பி ஃபைலை, அதாவது சைட்டை ஓட்டுற புரோகிராமை, அதால தொறக்க முடியாது. சிவப்பு வந்தா நம்புங்க, பச்சை வந்தா நம்பாதீங்க. எஸ்எஸ்எல் லேப்ஸ்னு இன்னொரு சோதனைத் தளத்துல ஏ கிரேடு வந்தாலும் அது பிரவுசர்ல வர்ற பூட்டுக் குறி சரியா இருக்குன்னு மட்டும்தான். நமக்கு உள்ள உக்காந்து பாக்குற ஸ்கேனர் வேணும். வேர்ட்ஃபென்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதோட இலவசப் பதிப்பு போதும்.

முரளி: எப்படிப் போடணும்னு எழுது. ராத்திரி உக்காந்து பண்றேன்.

அருண்: முதல்ல பேக்கப். ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பக்கம் சிபேனல்ல போய் ஃபைலும் டேட்டாபேஸும் ரெண்டுமே எடுங்க. ஜிப்பை பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டர்லயே விட்டுடாதீங்க, பேரை யூகிச்சா யாரும் இறக்கிடலாம். உங்க லேப்டாப்புக்கு இறக்கிட்டு அங்க அழிச்சிடுங்க. இது கெட்டுப்போன காப்பிதான், ஆனா எதையாவது தப்பா அழிச்சா திரும்ப வைக்க உதவும்.

அப்புறம் நம்ம சைட் ஓடுற வேர்ட்பிரஸ்ல போய் பிளகின்ஸ் (சைட்டோட சேக்குற சின்னப் புரோகிராம்), ஆட் நியூ, வேர்ட்ஃபென்ஸ், ஆக்டிவேட். இலவசத்துக்கும் லைசென்ஸ் கீ கேக்கும், மெயில்ல வரும். எந்த மெயிலைக் குடுக்குறீங்களோ அதுக்குத்தான் எச்சரிக்கையும் வரும். டிரஸ்ட் மெயிலைக் குடுங்க, ரெண்டு பேராவது தினம் பாக்குறதா இருக்கணும். யாரும் படிக்காத மெயிலுக்குப் போனா ஸ்கேனர் போட்டும் பிரயோஜனம் இல்ல.

ஸ்கேன் ஆப்ஷன்ல ஸ்டாண்டர்டு வேணாம், ஹை சென்சிட்டிவிட்டி வைங்க. நம்மளுது ஷேர்டு ஹோஸ்டிங், ஒரே சர்வர்ல பல பேரோட சைட் இருக்கும், ரொம்ப நேரம் ஓடுற வேலையை சர்வரே வெட்டிடும், ஸ்கேன் பாதியில நிக்கும். நின்னா லோ ரிசோர்ஸ் ஸ்கேனிங்கை டிக் பண்ணுங்க. மெதுவாப் போகும், ஆனா முடியும்.

இலவசப் பதிப்புக்குப் புது மால்வேர் அடையாளங்கள் 30 நாள் தாமதமாத்தான் வரும். அதனால இதுவும் சுத்தம்னு சொல்லிட்டா விட்டுடக் கூடாது.

ரவி சித்தப்பா: இவ்ளோ பெருசா யாரு படிக்கிறது

கல்பனா பாரிஸ்: முரளி படிச்சா போதும் சித்தப்பா

அருண்: ரிசல்ட் வந்ததும் எல்லாத்துக்கும் டிலீட் குடுத்துடாதீங்க மச்சான். வேர்ட்பிரஸ் சொந்த ஃபைல் மாறியிருந்தா ரிப்பேர் குடுங்க, ஒரிஜினலை எடுத்து வச்சிடும். சைட்டோட செட்டிங் இருக்குற டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலைக் காட்டினா தொடாதீங்க, அழிச்சா சைட்டே படுத்துடும். அப்லோட்ஸ் ஃபோல்டர் படம் வைக்கிற இடம். காலியான இண்டெக்ஸ் ஃபைல் தவிர வேற பிஎச்பி அங்க இருந்தா சந்தேகப்படுங்க, எனக்கு அனுப்புங்க.

அருண்: ஒரு கேள்வி. முகப்புல படம் ஓடுதே, அந்த ஸ்லைடர் எங்க வாங்கினது?

முரளி: ஃப்ரெண்டு குடுத்தான்

அருண்: காசு குடுத்து வாங்க வேண்டியதை உடைச்சு சும்மா சுத்த விடுறது மச்சான். உள்ளயே கதவு வச்சுத்தான் குடுப்பாங்க. இலவசப் பிளகின்னா வேர்ட்பிரஸ் தளத்துல இருக்குற ஒரிஜினலோட ஸ்கேனர் ஒப்பிட்டுப் பாக்கும். இதுக்கு ஒப்பிட ஒரிஜினலே அங்க கிடையாது. ஸ்கேன் என்ன சொன்னாலும் அதை முழுசா எடுத்துடுங்க.

முரளி: மாமா, அப்ப காசு கேட்டப்ப யாராவது குடுத்தீங்களா? ஹோஸ்டிங்கே ரெண்டு வருசமா நான்தான் கட்டுறேன்.

கணேசன் பெரியப்பா: பில்லைக் குடுத்திருந்தா டிரஸ்ட் கட்டியிருக்கும்.

சாந்தி அத்தை: பில்லு வேணுமா அண்ணே? 12 வருசத்துக்கு முன்னாடி போன கும்பாபிஷேகப் பத்திரிகையிலயும் பொண்ணு வீட்டுப் பேரை விட்டீங்க. வேலை செய்ய மட்டும் என் புள்ள.

ரவி சித்தப்பா: அக்கா அதை இப்ப எதுக்கு

சாந்தி அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

தேவி அண்ணி: பந்தல் அட்வான்ஸ்??

முரளி: யூடியூப்ல ஸாப்னு ஒண்ணு சொல்றாங்களே, அதையும் ஓட்டட்டுமா?

அருண்: அது சைட்டுல ஓட்டை தேடுற கருவி. அதுல ஆக்டிவ் ஸ்கேன் கூடவே கூடாது. அது தாக்குறவன் மாதிரியே ஃபார்ம்ல குப்பையை நிரப்பி அனுப்பிப் பாக்கும். நன்கொடைப் பதிவு ஃபார்ம்ல நூத்துக்கணக்குல பொய்ப் பேரு ஏறும், அத்தனைக்கும் பெரியப்பாவுக்கு மெயில் வரும், ஹோஸ்டிங்காரங்க உங்க ஐபியை முடக்கிடுவாங்க. பேஸ்லைன் ஸ்கேன்னா வெறுமனே பக்கங்களைப் படிச்சு எந்தப் பாதுகாப்பு ஹெடர் (பக்கத்தோட சர்வர் அனுப்புற குறிப்பு) இல்லைன்னு சொல்லும், அதை அப்புறமா ஓட்டலாம். மால்வேரைத் தேட ரெண்டுமே உதவாது.

தேவி அண்ணி: எங்க அம்மா ஊரு கோயிலுக்கும் சைட் இருக்கு. அதையும் அப்படியே பாத்துடு அருண்.

அருண்: அவங்க எழுத்துல அனுமதி குடுக்காம முடியாது அண்ணி. ஐடி சட்டம் 2000ல 43, 66 பிரிவுல மாட்டுவோம். டிரஸ்டி ஒருத்தரை மெயில் போடச் சொல்லுங்க.

முரளி: போட்டாச்சு. ஸ்கேன் ஓடுது.

முரளி: பாதியில நின்னுடுச்சு. லோ ரிசோர்ஸ் போட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன்.

முரளி: முடிஞ்சுது. அப்லோட்ஸ்ல 3 பிஎச்பி. ஸ்லைடரை எடுத்துட்டேன். யூசர்ஸ்ல எனக்குத் தெரியாத அட்மின் ஒண்ணு இருக்கு.

அருண்: அந்த மூணு ஃபைலையும் அனுப்பிட்டு அழிங்க. அந்த அட்மினையும் எடுங்க. உடனே அட்மின், சிபேனல், எஃப்டிபி (ஃபைல் ஏத்துறது), டேட்டாபேஸ் பாஸ்வேர்டு நாலையும் மாத்துங்க. டேட்டாபேஸுக்கு மாத்தினதை டபிள்யூபி-கான்ஃபிக்லயும் போடணும், இல்லன்னா சைட் தொறக்காது. அதே ஃபைல்ல இருக்குற சால்ட் கீ (லாகினைக் காக்குற ரகசிய எழுத்து) எட்டையும் புதுசா வைங்க, உள்ள உக்காந்திருக்குறவன் வெளிய விழுவான். அப்புறம் திரும்ப ஒரு ஸ்கேன்.

தானா நடக்குற ஸ்கேனுக்கு வேர்ட்பிரஸோட நேரம் பாத்து வேலையைத் தொடங்குற டபிள்யூபி-கிரான் ஓடணும், ஆனா அது யாராவது சைட்டுக்கு வந்தாத்தான் ஓடும். விசேஷம் முடிஞ்சா நம்ம சைட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. சிபேனல்ல மணிக்கு ஒரு தடவை அதை ஓட்டுற மாதிரி கிரான் ஜாப் போடுங்க.

ரவி சித்தப்பா: புது பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்?

கணேசன் பெரியப்பா: டிரஸ்ட்கிட்டதான்.

சாந்தி அத்தை: முரளிகிட்டயே இருக்கட்டும்.

அருண்: ரெண்டு பேருக்கும் தனித்தனி லாகின் போடலாம். தயவுசெய்து இந்தக் குரூப்ல மட்டும் போடாதீங்க.

கல்பனா பாரிஸ்: கூகுள்ல இப்பவும் ஜப்பான் எழுத்துல நம்ம பேரு வருது

அருண்: அது ஹேக் ஆனப்ப கூகுள் எடுத்து வச்ச பழைய பதிவு அக்கா. கூகுளோட சர்ச் கான்சோல்ல செக்யூரிட்டி இஷ்யூஸ்னு இருந்தா சுத்தம் பண்ணினதை எழுதி ரிவ்யூ கேக்கணும். உடனே போகாது.

கணேசன் பெரியப்பா: அப்ப ஞாயித்துக்கிழமை நோட்டீஸ் குடுக்கலாமா, வேணாமா?

அருண்: ரெண்டாவது ஸ்கேன் முடியட்டும் பெரியப்பா.

ரவி சித்தப்பா: அட்ரஸ் மேல வெள்ளைத்தாள் ஒட்டிட்டுக் குடுத்துடலாம்

சாந்தி அத்தை: ஒட்டுறது யாரு?

தேவி அண்ணி: பந்தல்காரர் திரும்ப போன் பண்றார்